கப்பலில் மணி என்ன?

கடலுக்கும் திருவண்ணாமலைக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. கிட்டத்தில் இருக்கிற கடல் புதுச்சேரிக் கடல், அதுவே நூறு கிலோமீட்டர் சொச்சம். என்றாலும் கப்பலில் போகிறவர்கள் நேரத்தை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த ஊரில் இருந்துகொண்டு கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை லட்சக்கணக்கான பேர் நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஊர் இது. பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கோயில் நிர்வாகத்தின் அறிவிப்பு பேப்பரில் வந்துவிடும்: கிரிவலம் செல்ல உகந்த நேரம் இத்தனை மணி இத்தனை நிமிடத்தில் தொடங்கி, மறுநாள் இத்தனை மணி இத்தனை நிமிடத்தில் முடிகிறது என்று. நிமிடம் தப்பாமல் இருக்கும். பஸ் டெப்போவும் ரயில்வேயும் டீக்கடையும் அதை வைத்துத்தான் ஏற்பாடு செய்துகொள்கின்றன. 14 கிலோமீட்டர் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை நடக்கிற யாரும் ‘இது யாரோட மணி?’ என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் தரையில் வருவதில்லை. அந்த அவசியம் கப்பலில் வந்துவிடுகிறது.

முதலில் அந்த அறிவிப்பையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அதில் இரண்டு விதமான நேரம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணக் கணக்கு. 12 பாகைக்கு ஒரு திதி. அந்தக் கோணம் 168 பாகையைத் தொடும்போது பௌர்ணமித் திதி பிறக்கிறது, 180 பாகையில் முடிகிறது. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். வாக்கியப் பஞ்சாங்கக்காரருக்கும் திருக்கணிதக்காரருக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வருவது தனிச் சண்டை, அதற்குள் போக வேண்டாம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. திதி பிறக்கிற கணம் உலகம் முழுவதுக்கும் ஒரே கணம். திருவண்ணாமலையிலும் பினாங்கிலும் டொரண்டோவிலும் நடுக்கடலிலும் அது ஒன்றாகத்தான் பிறக்கிறது. அந்தக் கணத்துக்கு ‘இரவு மணி இத்தனை’ என்று பெயர் வைப்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

பழைய பஞ்சாங்கம் இந்தப் பெயரைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணியது. உதயாதி நாழிகை இத்தனை, விநாழிகை இத்தனை என்று. நாழிகைக்கு 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. உன் ஊர்ச் சூரியன்தான் உன் கடிகாரம். கிழக்கே 6 பாகை தள்ளிப் போனால் ஒரு நாழிகை முந்தி விடிந்துவிடும், பஞ்சாங்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். அறிவிப்பில் இன்று நாம் பார்க்கிற மணி அப்படிப்பட்டதல்ல. அது 82½ பாகை தீர்க்கரேகையின் மணி. அந்த ரேகை மிர்சாப்பூர் பக்கமும் காக்கிநாடா பக்கமும் போகிறது. திருவண்ணாமலை ஏறக்குறைய 79 பாகையில் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு உச்சியில் கொப்பரை எரிகிறதே, அப்போது மலையின் சொந்தக் கணக்குப்படி 6 மணி ஆக இன்னும் ஏறத்தாழ 14 நிமிடம் பாக்கி. மலைக்குச் சொந்த மணி இருந்த காலம் ஒன்று இருந்தது. அதைக் கப்பல்கள்தான் முடித்துவைத்தன.

சுருக்கமாக அந்தக் கதை. நடுக்கடலில் அடையாளத்துக்கு மரமோ கோபுரமோ கிடையாது. வடக்கு-தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தை வைத்தும் துருவ நட்சத்திரத்தை வைத்தும் சொல்லிவிடலாம். கிழக்கு-மேற்காகச் சொல்வதற்கு நேரம் வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கப்பலில் உச்சிப்பொழுது வந்தபோது புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால், எத்தனை பாகை தள்ளி வந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1714இல் இதற்குப் பெரிய பரிசு அறிவித்தது. ஆடுகிற கப்பலிலும் தப்பாமல் ஓடும் கடிகாரத்தை ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் செய்தார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குக் கடல் பயணம் போனது. ஜமைக்கா அடிமைகளின் கரும்புத் தீவு என்பதை நேரத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நாமாவது சொல்லிவைப்போம்.

ஆக, 19ஆம் நூற்றாண்டுக் கப்பலில் இரண்டு நேரம் இருந்தது. ஒன்று எல்லோருக்கும் கேட்கிற நேரம். அரை மணிக்கு ஒரு தரம் மணி அடிப்பார்கள். ஒன்று, இரண்டு என்று ஏறி எட்டாவது மணியோடு நாலு மணி நேரக் காவல் முடியும், அடுத்த ஆள் வருவான். ஒவ்வொரு நாளும் சூரியன் உச்சிக்கு வருவதைப் பார்த்து இந்த நேரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். இன்னொன்று கேப்டனின் அறையில் பெட்டிக்குள் பூட்டிவைத்த நேரம், குரோனோமீட்டர் காட்டும் கிரீனிச் நேரம். அதை யாரும் திருத்தக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்பல் இருக்கும் இடம். எல்லோரும் ஒரே பலகைமேல் படுத்துக் கிடந்தாலும் ‘நாம எங்க இருக்கோம்?’ என்ற கேள்விக்குப் பதில் இரண்டாவது கடிகாரத்தை வைத்திருந்தவனிடம் மட்டும் இருந்தது.

நம் பக்கத்தில் கப்பல்களுக்காகப் பார்த்த வேலைதான் நுங்கம்பாக்கத்து வானாய்வகம். கம்பெனி அதை 1792இல் கட்டியது. தமிழும் சேர்த்துப் பல மொழிகளில் எழுத்து வெட்டிய கருங்கல் தூண் ஒன்று இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. வானாய்வாளர் ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து 1802இல் மதராஸ் நேரம் என்று ஒன்றை நிலைநாட்டினார், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தி. பிறகு ரயில் வந்தபோது நாட்டின் பெரும்பாலான ரயில்கள் 1905 வரை இந்த மதராஸ் நேரத்தில் ஓடின. திருவண்ணாமலையின் சூரியனோடு ஒப்பிட்டால் மதராஸ் கடிகாரம் 5 நிமிடம் முந்தி. 1906 ஜனவரி 1இலிருந்து 5½ மணி நேர வித்தியாசம் கொண்ட இன்றைய நேரம் வந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளிகள் அந்த ஜனவரியிலேயே புதிய கடிகாரத்துக்கு எதிராக வேலையை நிறுத்தினார்கள். அந்த நகரம் தன் சொந்த நேரத்தை 1955 வரை விட்டுக்கொடுக்கவில்லை. சென்னையில் அப்படிப் பெரிய தகராறு ஒன்றும் இல்லை. 9 நிமிடம்தானே என்று விட்டுவிட்டார்கள் போலும்.

இனி கப்பலில் ஏறியவர்களிடம் வருவோம். 1860 அக்டோபர் 12ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கூலிக் கப்பல் அது. பின்னால் போன கப்பல்களில் வட ஆர்க்காட்டு, தென் ஆர்க்காட்டுச் சனங்கள் நிறைய. இந்த மலையைச் சுற்றியிருக்கும் கிராமங்கள் அந்த இரண்டு ஜில்லாக்களைச் சேர்ந்தவைதான். சென்னைக்கும் டர்பனுக்கும் 49 பாகை வித்தியாசம். மணியாக்கினால் 3 மணி 17 நிமிடம். 35 நாளில் அது கரைகிறது என்றால், மேற்கே போன அந்தக் கப்பலில் ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐந்தரை நிமிடம் நீளம். யாருக்கும் தெரியாமல் நாள் நீண்டுகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு உச்சிப்பொழுது உச்சிப்பொழுதாகவே வந்தது, சோறு சோற்று வேளைக்கு வந்தது. ஊரில் இப்போது எந்த வேளை என்பது மட்டும் மெல்ல மெல்லக் கையைவிட்டு நழுவியது. இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே வெயில் இன்னும் சாய்ந்திருக்காது.

கப்பலில் செத்தவர்கள் உண்டு. கேப்டனின் பதிவேட்டில் தேதி விழும், உடல் கடலில் விழும். தேதி தெரிந்து என்ன செய்ய? ஊரில் வேண்டியிருந்தது திதி. அது யாருடைய பதிவேட்டிலும் இல்லை. செத்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுத்துவிடு என்று நம் வழக்கத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. காணாமல் போனவர்களுக்கும் தூரதேசத்தில் முடிந்துபோனவர்களுக்கும் அதுதான் கதி. அந்த ஏற்பாட்டுக்குள் எத்தனை கப்பல்கள் அடங்கியிருக்கின்றன என்று யாராவது உட்கார்ந்து எண்ணியதுண்டா?

இறங்கியபின் இன்னொரு கணக்கு ஆரம்பித்தது. ஒப்பந்தம் ஐந்து வருஷம். நாள் எண்ணுகிற அதிகாரம் துரையிடம். மொரீஷியஸில் ‘டபுள் கட்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு நாள் என்பது இரண்டு நாள், எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத கணிதம். ஐந்து வருஷம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் எழுதாமல் இருந்தால் வருஷத்துக்கு 3 பவுன் வரி என்று 1895இல் நேட்டாலில் சட்டம் போட்டார்கள். கூலியின் காலம் துரையின் காலமாக இல்லாவிட்டால் அதற்குத் தண்டம் கட்டு என்பதுதான் இதன் பொருள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகே அது ஒழிந்தது. தொழிற்சாலைக் கடிகாரம் மனிதர்களை எப்படிப் பழக்கியது என்று ஈ. பி. தாம்ஸன் 1967இல் எழுதிய கட்டுரையை நம் வட்டாரத்தில் பலரும் மேற்கோள் காட்டுகிறோம். அவர் எழுதியது இங்கிலாந்துத் தொழிலாளியைப் பற்றி. கடிகாரத்தையே கண்ணால் பார்க்காமல் கடிகாரத்துக்கு அடிமையானவர்களைப் பற்றி எழுத வேண்டியது நம் பாடு.

மிஷல் ஃபூக்கோவும் அதே 1967இல், ஹெட்டரோடோபியா பற்றிய உரையில், கப்பலை அதற்குத் தலைசிறந்த உதாரணமாகச் சொன்னார். இடமில்லாத இடம், தன்னளவில் முழுமையான துண்டு, கற்பனையின் பெரும் களஞ்சியம் என்கிற போக்கில். அழகான யோசனை. ஆனால் அந்தக் கப்பலின் கீழ்த்தளத்துக்கு அவர் இறங்கிப் போகவில்லை. ட்ரூரோவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அது இடமில்லாத இடம் என்பதைவிட, இடம் எது என்பது ஓர் ஆளுக்கு மட்டும் தெரிந்த இடம் என்று சொல்வதுதான் சரி.

அடுத்த நூற்றாண்டில் ‘ரஜூலா’. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1920களின் கடைசியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல். தஞ்சாவூர், திருச்சி, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கதையாவது கிடைக்கும். இது கிழக்கே போகிற கப்பல், நாள் குறுகும். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் 20½ பாகை, சூரியக் கணக்கில் 82 நிமிடம். ஆனால் போருக்குப் பிந்திய வருஷங்களில் ரஜூலாவில் போய் இறங்கியவர் கைக்கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. மிச்சம் 38 நிமிடம் எங்கிருந்து வந்தது? சூரியனிடமிருந்து வரவில்லை, சர்க்காரிடமிருந்து வந்தது.

மலாயா, சிங்கப்பூர்க் கடிகாரத்தின் வரலாற்றைச் சும்மா தேதிகளாகப் படித்தாலே போதும். கிரீனிச்சுக்கு 7 மணி முந்தி என்று 1905இல் ஆரம்பித்தார்கள். 1933இல் 7 மணி 20 நிமிடம். 1941இல் 7½. 1942இல் ஜப்பான்காரன் வந்தவுடன் டோக்கியோ நேரம், 9 மணி. அதாவது ஒரே ராத்திரியில் ஒன்றரை மணி நேரம் குதித்தது. 1945இல் மறுபடி 7½. 1982இல் 8. இப்போது பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருகிறபோது கடிகாரத்தில் மதியம் ஒன்றேகால் தாண்டியிருக்கும். இத்தனை மாற்றத்துக்கும் நடுவே ரப்பர் மரம் மட்டும் அசையவில்லை. விடிவதற்கு முந்திய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். பால்வெட்டுத் தொழிலாளி இருட்டிலேயே பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். கடிகாரம் எத்தனை மணி காட்டினாலும் இருட்டு அதே இருட்டு. கடிகார மாற்றத்தால் எஸ்டேட் கூலிக்கு ஒண்ணும் குறையவில்லை, ஒண்ணும் கூடவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் யாரிடம் நாடு இருக்கிறது என்பதைச் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டிருப்பார்.

இதே பாடத்தை இன்னும் நெருக்கமாகப் படிக்க ஈழம்தான் இடம். நீர்மின் பற்றாக்குறை என்று சொல்லி 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்வாங்கி, கிரீனிச்சுக்கு 6 மணி முந்தி என்று நிறுத்தியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே நீடித்தது, நம் நேரம் எதுவோ அது. ஒரு சின்னத் தீவுக்குள் இரண்டு நேரம்! 2002 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஏ-9 சாலை திறந்தபோது, ஓமந்தையில் அரசுச் சாவடியைக் கடந்து வன்னிக்குள் போகிறவர் அரை மணி நேரம் பின்னால் போனார், திரும்பி வரும்போது அதை இழந்தார். கப்பலில் பாகை பாகையாக நடப்பது அங்கே பஸ்ஸில் ஒரே இடத்தில் நடந்தது. தீர்க்கரேகை அங்கே மாறவில்லை. மாறியது ஆட்சி. 2006 ஏப்ரலில் கொழும்பு மீண்டும் ஐந்தரைக்கே வந்து சேர்ந்தது. மூன்று வருஷத்தில் வன்னியில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். 2009க்குப் பிறகு அந்த அரை மணியைப் பற்றிப் பேசக்கூட ஆள் குறைவு.

அதனால் இன்று சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பலில் போகிறவருக்குக் கடிகாரத்தைத் தொடும் வேலை இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய ‘கார்டீலியா’ கப்பலுக்கும், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய படகுக்கும் இது பொருந்தும். இன்னும் தூரம் போகிற சொகுசுக் கப்பல்களில்தான் பழைய சிக்கல் முழுசாக வருகிறது. அங்கே ‘கப்பல் நேரம்’ என்று ஒன்று உண்டு. அதை முடிவு செய்கிறவர் கேப்டன். சில துறைமுகங்களில் ஊர் நேரத்தோடு ஒத்துப்போவார், சில இடங்களில் ஒரு நாள் நிறுத்தத்துக்காக மாற்ற வேண்டாம் என்று விட்டுவிடுவார். கரையில் இறங்கிய பயணியின் செல்போன் உள்ளூர்க் கோபுரத்தைப் பிடித்துத் தானாக மணியை மாற்றிக்கொள்ளும். அந்த மணியை நம்பித் திரும்புகிறவர் துறைமுகத்துக்கு வரும்போது கப்பல் ஒரு மைல் தள்ளிப் போயிருக்கலாம். அதனால் அனுபவஸ்தர்கள் செல்போனின் தானியங்கி நேரத்தை நிறுத்திவைத்து, கையில் ஒரு சாதாரண முள் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான்.

நாள் கிழமை மறந்துபோவது இன்னொரு பிரச்சனை. சில கப்பல்களில் லிஃப்ட் தரைவிரிப்பிலேயே அன்றைய கிழமையை நெய்து, நள்ளிரவில் மாற்றிப்போடுகிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1522இல் உலகைச் சுற்றி முடித்த மகல்லனின் மிச்சக் கூட்டம் கேப் வெர்ட் தீவில் இறங்கியபோது, ஒரு நாள் விடாமல் எழுதிய தங்கள் குறிப்பில் புதன்கிழமை என்றிருக்க, கரையில் வியாழக்கிழமை என்று கேட்டுத் திகைத்துப்போனார்கள். மேற்கே போய்க்கிட்டே இருந்ததில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒரு முழு நாள் அவர்கள் கணக்கிலிருந்து போயிருந்தது.

பயணிக்கு நேரத்தை மறப்பது ஒரு சுகம், அதற்குத்தான் காசு கொடுக்கிறார். சூதாட்டக் கூடத்தில் கடிகாரம் மாட்டமாட்டார்கள். ஆனால் அவருடைய காலை ஏழு மணி இட்லி ஏழு மணிக்கே வர வேண்டுமானால், கீழே யாரோ நிமிடம் பிசகாமல் இருந்தாக வேண்டும். விரிப்பை நள்ளிரவில் மாற்றுகிறவருக்குக் கிழமை மறக்காது. பயணியின் மறதியும் ஊழியரின் ஞாபகமும் ஒரே டிக்கெட்டில் விற்கப்படுகின்றன.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. கப்பல் மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பின்னே தள்ளினால் அந்த நாளுக்கு 25 மணி நேரம், கிழக்கே போகும்போது 23. வழக்கமாக ராத்திரி இரண்டு மணி வாக்கில் மாற்றுவார்கள். பயணிக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும் அல்லது குறையும். அந்த நேரத்தில் வேலையில் இருப்பவருக்கு? பின்னே தள்ளினால் நாலு மணி நேர வேலை ஐந்தாகிறது. கிழக்கே போகிற கப்பலில் இரவு வேலை முடித்துப் படுக்கிறவருக்கு எட்டு மணி நேரம் என்று எழுதிய ஓய்வு ஏழாகிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்கிறது. திருப்பிச் சொன்னால், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றும் அர்த்தம். கிழக்கே போகிற இரவுகள் நாலைந்து அடுத்தடுத்து வந்தால் அந்தப் பத்து மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பது கப்பலில் நிஜமான சண்டை.

பழைய சரக்குக் கப்பல் மாலுமிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கடிகாரத்தை ஒரே அடியாக ஒரு மணி நேரம் தள்ளாமல், இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரு காவல், பன்னிரண்டு முதல் நாலு வரை ஒன்று, நாலு முதல் எட்டு வரை ஒன்று என மூன்று காவலிலும் இருபது இருபது நிமிடமாகத் தள்ளுவார்கள். கூடுகிற வேலையானாலும் குறைகிற வேலையானாலும் யார் தலையிலும் முழுசாக விழாது. சொகுசுக் கப்பலில் இது நடக்காது. இரவில் மூன்று தரம் மணி மாறினால் பயணிக்குக் குழப்பம்.